கோவிந்தராஜன் சாரை நீக்கியவள் நான்தான்

பாஸ்கரன் சார், ஆலையின் ஆண்டு விழா மலரில் நீங்கள் எழுதியிருப்பது பொய்.

ஞாபகப் பிசகு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள். "கொள்முதல் விலையை வெளியே கசியவிட்ட ஊழியர் அடையாளம் காணப்பட்டு, உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு, ஆலையின் தகவல் ஒழுக்கம் மீட்கப்பட்டது" என்று பளபளப்பான தாளில், உங்கள் சிரித்த முகத்துக்குக் கீழே அச்சாகியிருக்கிறது. பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. அந்தக் காரணத்துக்காக ஆலையில் வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டவள் ஒருத்திதான். ஜெயந்தி.

அவள் இப்போது திருவாரூர் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் மேலாளர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நேர்காணல் நன்றாகவே போயிருக்கிறது. தேர்வு செய்பவர்களில் ஒருவர் கடைசியில் இந்த மலரை எடுத்து மேசைமேல் வைத்து, இது யாரைப் பற்றி என்று அவளிடமே கேட்டிருக்கிறார். வேலை கிடைக்குமா கிடைக்காதா என்று இன்னும் சொல்லவில்லை. "மேடம், நான் என்னத்த சொல்றது?" என்று எனக்கு போன் செய்தாள். நீ ஒன்றும் சொல்லாதே, நான் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பழைய ஊழியர்கள் சேர்ந்து நடத்தும் இந்த இதழ்க்காரர்கள் என்னிடம் கேட்டது வேறு கட்டுரை. ஆலையின் கணினிப் பிரிவுக்கு வந்திருக்கும் புதியவர்கள், அந்தக் காலத்தில் இத்தனை குழுக்களையும் எப்படி மேய்த்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்களாம். நல்லது. அதையே எழுதுகிறேன். ஒழுங்காக எழுதினால் பாஸ்கரன் சாருக்குச் சொல்ல வேண்டியதும் அதிலேயே வந்துவிடும்.

நான் அரிசி ஆலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். கம்ப்யூட்டர் வந்தபோது, விசைப்பலகையைத் தொட்டவள் என்ற ஒரே தகுதியில் என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். பிறகு திட்டிக் கற்றுக்கொடுத்தேன். பயிற்சிக் காலத்தில் சொல்ல வேறு கதை இல்லை.

கதை ஆரம்பித்தது அந்த ஆப் வந்த பிறகு. அதுவரைக்கும் ஆலை விஷயமெல்லாம் அவரவர் சொந்த போனில் ஓடிக்கொண்டிருந்தது. நெல் மூட்டை போட்டோவுக்கு மேலே பேரனின் காதுகுத்து, கீழே மூலநோய்க்கு மருந்து. முதலாளிக்கு ஒருநாள் கோபம் வந்து, அலுவலக வேலைக்கென்றே ஒரு ஆப்பைப் பணம் கட்டி வாங்கினார்கள். பேச்சு, கோப்பு, லாரி விவரம், விலை எல்லாம் அதற்குள்தான். விற்ற நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து தஞ்சாவூரில் ஒரு ஓட்டல் ஹாலில் எங்களுக்கு வகுப்பெடுத்தார். கோப்புகளை எங்கே வைப்பது, பழையதை எப்படித் தேடுவது என்று பாவம் தொண்டைத்தண்ணி வற்றப் பேசினார். எங்கள் ஆட்கள் கவனித்துக் கேட்டது ஒரு வரியைத்தான். "யார் வேண்டுமானாலும் குழு தொடங்கலாம்."

தொடங்கினார்கள். கோயில் திருவிழாவில் கமிட்டித் தலைவர் ஆக முடியாதவன் எல்லாம் குழுத் தலைவர் ஆனான். கொஞ்ச காலத்தில் ஆலையில் ஆட்களை விடக் குழுக்கள் அதிகம். 'சம்பா' என்று ஒரு குழு. 'சம்பா புதியது' என்று இன்னொன்று. 'சம்பா இதுதான்' என்று மூன்றாவது. 'முக்கியம் மட்டும்' என்ற குழுவில் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் தவிர முக்கியமானது எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. டீ சொல்வதற்கு ஒரு குழு இருந்தது. உண்மையைச் சொன்னால் அது ஒன்றுதான் ஒழுங்காக நடந்தது. நேரத்துக்கு ஆர்டர், நேரத்துக்கு டீ, வெட்டிப்பேச்சு கிடையாது.

மேலிடம் என்னைக் கூப்பிட்டு இதையெல்லாம் ஒழுங்குபடுத்தச் சொன்னது. முதலில் நான் செய்தது, ஒவ்வொரு குழுவும் எதற்காகப் பிறந்தது என்று அதைத் தொடங்கியவர்களிடம் நேரில் போய்க் கேட்டது. கேட்கக் கேட்க எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. வேலைக்காகப் பிறந்த குழுக்கள் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஒரு ஆளை நீக்கத் தைரியம் இல்லாமல் பிறந்தவை.

விளக்கிச் சொல்கிறேன். அந்த ஆப்பில் ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கினால், இன்னார் இன்னாரை நீக்கினார் என்று ஒரு வரி விழும். எல்லோரும் பார்க்கலாம். நம் ஊரில் அந்த வரியில் தன் பெயர் வர எவன் சம்மதிப்பான்? பந்தியில் உட்கார்ந்தவனைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்ட மாதிரி. பிரிவு மாறிப் போனவர், ஓய்வு பெற்றவர், சண்டை போட்டுக்கொண்டு போனவர், எல்லோரும் அப்படியே உள்ளே இருப்பார்கள். அவர்கள் இருக்கும் இடத்தில் வேலை பேச முடியாது. உடனே என்ன செய்வார்கள்? அவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை வைத்துப் புதுக் குழு தொடங்குவார்கள். 'சம்பா புதியது' பிறந்தது ஒரு வாயாடிக் கணக்கரை விட்டுவிட. 'சம்பா இதுதான்' பிறந்தது, 'புதியது' குழுவில் அந்தக் கணக்கரின் மச்சான் இருந்ததால்.

இதை நான் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். கணக்கர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு விதிகள் போட்டேன். புதியவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். குழு தொடங்க வேண்டுமென்றால் என்னிடம் வர வேண்டும். எதற்கு என்று ஒரே வரியில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் குழு கிடையாது. பெயரில் ஊர், போகம், வேலை மூன்றும் இருக்க வேண்டும். 'நீடாமங்கலம் குறுவை லாரி' என்றால் யாருக்கும் புரியும், 'நண்பர்கள் படை' என்றால் எவனுக்குப் புரியும்? ஒவ்வொரு குழுவுக்கும் பொறுப்பாளர் இரண்டு பேர். இது லாரிக் குழுவில் பட்டுத் தெரிந்துகொண்டது. அதன் ஒரே பொறுப்பாளர் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு புது டிரைவரைச் சேர்க்கவும் ஆளில்லை, பழைய டிரைவரை எடுக்கவும் ஆளில்லை. செத்தவரின் பெயரில் நெல் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

முக்கியமான விதி கடைசியில் வருகிறது. குழு தொடங்கும்போதே மூடும் நாளையும் சொல்லிவிட வேண்டும். குறுவைக் குழு குறுவைக் கணக்கு முடிந்ததும் மூட வேண்டும், சம்பாக் குழு சம்பாக் கணக்கு முடிந்ததும். மூடுவது என்றால் அழிப்பது இல்லை. பழையதைப் படிக்கலாம், புதிதாக எழுத முடியாது. அறுத்த வயலில் நடந்து போகலாம், திரும்ப அறுக்க முடியாது. அவ்வளவுதான். மூடும் முன்னால் குழுவில் ஒரு கேள்வி போடுவேன். "இருக்கட்டுமா, மூடட்டுமா?" ஒரு வாரம் யாரும் வாய் திறக்காவிட்டால் மூடிவிடுவேன்.

வாய் திறக்க மாட்டார்கள். மூடிய மறுநாள் வரிசையில் வந்து நிற்பார்கள். கணக்குப் பிரிவுத் தலைவர் ஒருவர், அந்தக் குழு இல்லாமல் தனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று முகம் சிவக்க வந்தார். கடைசியாக அதில் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். திறந்து பார்த்தோம். போன வருஷத்து தீபாவளி வாழ்த்து. அதற்கும் ஒருவரும் பதில் வாழ்த்து சொல்லவில்லை. காலும் கையும் தானாக ஓட ஆரம்பித்து அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

முதுகுக்குப் பின்னால் எனக்குப் பெயர் 'எமன் மேடம்'. எனக்கு அதில் வருத்தம் இல்லை. எமனாவது பாரபட்சம் பார்ப்பதில்லை.

பாரபட்சம் பார்க்கச் சொன்னவர் பாஸ்கரன் சார். அவரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பொது மேலாளர். யாரையும் அதட்டியதில்லை. தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பார். ஆனால் எதையும் எழுத மாட்டார். ஆப்பில் அவர் பெயருக்குக் கீழே கட்டைவிரல் படம் மட்டும்தான் இருக்கும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அறைக்குக் கூப்பிடுவார். உட்காரச் சொல்வார். காபி வரவழைப்பார். தன் போனை எடுத்து மேசைமேல் குப்புறக் கவிழ்ப்பார். பிறகு நம் போனைப் பார்ப்பார். நாமும் கவிழ்த்த பிறகுதான் பேச்சு. அந்தப் பேச்சிலும் 'செய்யுங்கள்' என்ற சொல் வராது. 'செஞ்சா நல்லாருக்கும்' என்று வரும். 'செய்யாமல் இருந்தாலும் நல்லதுதான்' என்று வரும். வெளியே வந்தபின் உத்தரவு கிடைத்ததா, ஆசீர்வாதம் கிடைத்ததா என்று நாமே யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஓய்வு பெற்றவர்களை எல்லாக் குழுக்களிலிருந்தும் எடுக்க நான் கிளம்பியபோது அப்படித்தான் கூப்பிட்டார். காபி வந்தது. போன்கள் கவிழ்ந்தன.

"எல்லாரையும் எடுங்க, கிரேஸ் மேடம். நல்ல காரியம். கோவிந்தராஜன் சாரை மட்டும் விலைக் குழுவுல விட்டுட்டா நல்லாருக்கும்."

"அவரு ரிட்டயர் ஆயிட்டாரே சார்."

"ஆயிட்டாருதான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மனுஷருங்க. ஒரு ஓரமா இருந்துட்டுப் போறாரு. எடுத்தா மனசு கஷ்டப்படும்."

கோவிந்தராஜன் சார் எங்கள் கொள்முதல் மேலாளராக இருந்தவர். நெல்லைக் கையில் அள்ளி ஒன்றைக் கடித்துப் பார்த்து ஈரப்பதம் சொல்வார், மெஷின் அப்புறம் அதையேதான் சொல்லும். வயலும் தரகரும் அவருக்கு அத்துப்படி. அவர் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் விலைக் குழு என்பது கோயில் பிராகாரம் இல்லை, வேலையில்லாதவர் ஓரமாக உட்கார. அன்றன்றைக்கு எந்த ரக நெல்லுக்கு மூட்டைக்கு என்ன விலை கொடுப்பது என்று காலையில் பாஸ்கரன் சார் வாயால் சொல்வார். ஜெயந்தி அதை டைப் செய்து குழுவில் போடுவாள். அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி என்று எங்கள் கிடங்குகளில் இருப்பவர்கள் அதைப் பார்த்து நெல் வாங்குவார்கள். விலை முன்னாலேயே வெளியே தெரிந்தால் பக்கத்து ஆலைக்காரன் கொஞ்சம் கூடப் போட்டு நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடுவான். இதையெல்லாம் பாஸ்கரன் சாரிடம் சொன்னேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே தலையாட்டினார். ஆட்டியது ஆமாமுக்கா இல்லைக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோவிந்தராஜன் சார் குழுவில் இருந்தார்.

அடுத்த சம்பா அறுவடையில் அதுதான் நடந்தது. திருவிடைமருதூர்ப் பக்கத்து ஆலை ஒன்று, எங்கள் விலைக்கு மேல் ஒவ்வொரு நாளும் துளி கூட்டி வைத்தது. ரொம்பவும் இல்லை, தரகர் வண்டியைத் திருப்பும் அளவுக்கு மட்டும். எங்கள் கிடங்குகளில் காக்கா உட்கார ஆரம்பித்தது. மேலிடத்தில் கூட்டத்துக்கு மேல் கூட்டம். யார் சொல்கிறார்கள், யார் சொல்கிறார்கள் என்று ஒரே பேச்சு.

விலை முதலில் யார் கைக்குப் போகிறது? ஜெயந்தி கைக்கு. அவளுக்கு அப்பா கிடையாது, ஆலையில் சொந்தக்காரன் கிடையாது, வேலையில் சேர்ந்து ரொம்பக் காலமும் ஆகவில்லை. வேறென்ன வேண்டும்? ஒருநாள் காலை எல்லா ஊழியர்களும் இருக்கும் பொதுக்குழுவில் பாஸ்கரன் சார் எழுதினார். ஆம், எழுதினார். கட்டைவிரலைத் தவிர வேறெதுவும் போடாத மனிதர், முழு வாக்கியமாக எழுதினார். கொள்முதல் விலை விவரங்கள் வெளியே சென்றது தொடர்பாக ஜெயந்தி பணியிலிருந்து நிறுத்திவைக்கப்படுகிறார் என்று. அடுத்த நிமிடம் விலைக் குழுவில் ஒரு வரி விழுந்தது. பாஸ்கரன், ஜெயந்தியை நீக்கினார்.

பாருங்கள் வேடிக்கையை. ஒருவரை நீக்கினால் மனசு கஷ்டப்படும் என்று எனக்குக் காபி கொடுத்துச் சொன்னவர். ஜெயந்திக்கும் மனசு உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஜெயந்தி என் மேசைக்கு வந்தாள். அழவில்லை. டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டே, "எல்லாரும் பாத்துட்டாங்கல்ல, மேடம்?" என்றாள். பார்த்துவிட்டார்கள். வாட்ச்மேன்கூடப் பார்த்துவிட்டு, அவள் கேட்டைத் தாண்டும்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

விலை போடும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் நாள் போட்டேன். திருவிடைமருதூர்க்காரன் துளி கூட்டி வைத்தான். இரண்டாம் நாளும். ஜெயந்தி வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், குழுவிலும் இல்லை, விலை மட்டும் தானாக நடந்து போகிறது. நான் விலை போட்டதும் முதல் ஆளாக ஒரு கும்பிடு படம் வந்து விழுவதை அப்போதுதான் நின்று பார்த்தேன். கோவிந்தராஜன் சார். தினமும் அவர்தான் முதல். அவர் கும்பிடு வெகுகாலமாக விழுந்துகொண்டுதான் இருந்தது. காலையில் கோயில் மணி அடிப்பதைப் போல, யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. ஓய்வு பெற்ற மனுஷன் எங்கள் விலைக்காக ஏன் காத்துக்கிடக்கிறார்?

நீடாமங்கலம் கிடங்குக்காரரைக் கூப்பிட்டேன். கோவிந்தராஜன் சார் இப்போது என்ன செய்கிறார் என்று சும்மா விசாரிப்பதைப் போலக் கேட்டேன். அந்த மனிதர் அதைவிடச் சும்மா சொன்னார்.

"சாரு இப்ப திருவிடைமருதூர் ஆலையில ஆலோசகரால்ல இருக்காரு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாக் கிடங்குக்கும் தெரியும்ங்க. சாரைப் பத்தி நாம எப்படிங்க சொல்றது?"

இதுதான் எங்கள் ஊர். திருடனைப் பிடித்தால் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அடிப்பார்கள். அதே திருடன் தொழில் கற்றுக்கொடுத்தவனாக இருந்தால் கும்பிட்டு வழிவிடுவார்கள்.

பாஸ்கரன் சாரிடம் வெறும் கையோடு போனால் காபிதான் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு சேட்டை செய்தேன். கிடங்குக்காரர்கள் எல்லோரிடமும் போனில் பேசி, நாளைக்குக் குழுவில் புதிதாக ஒரு ரகம் வரும், கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்லிவைத்தேன். கோவிந்தராஜன் சாருக்கும், கட்டைவிரல் போடுவதோடு சரியான பாஸ்கரன் சாருக்கும் மட்டும் சொல்லவில்லை. மறுநாள் வழக்கமான ரகங்களுக்குக் கீழே கடைசியாக ஒரு வரி சேர்த்தேன். 'கோடியக்கரை சன்னம்'. பக்கத்தில் ஒரு நல்ல விலை.

கோடியக்கரையில் என்ன விளையும் என்று இந்த டெல்டாவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். உப்பு விளையும். வலையில் மீன் விழும். பருவத்துக்குப் பறவை வரும். அங்கே சன்ன நெல் விளைந்தால் அதை நாரைதான் அறுக்க வேண்டும்.

கும்பிடு வந்தது.

மத்தியானத்துக்குள் நீடாமங்கலத்திலிருந்து போட்டோ வந்தது. திருவிடைமருதூர் ஆலையின் கிடங்கு வாசலில் இருக்கும் கரும்பலகை. சாக்பீஸில் அழகான கையெழுத்து. மற்ற ரகங்களுக்குக் கீழே, 'கோடியக்கரை சன்னம்'. எங்கள் விலையை விடத் துளி அதிகம். நான் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்துச் சீட்டுக்காரம்மா எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று தண்ணீர் கொண்டுவந்தார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் ஒரு தரகர் இரண்டு மூட்டை நெல்லோடு எங்கள் கிடங்குக்கே வந்துவிட்டார். அசல் கோடியக்கரை சன்னமாம். தன் மாமனார் வீட்டில் பரம்பரையாகப் போடும் ரகமாம். வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியம் செய்தார். எங்கள் கிடங்குக்காரர் என்னைக் கூப்பிட்டு அவரிடம் போனைக் கொடுத்தார். நானும் அதே மாதாவைக் கும்பிடுகிறவள்தான், பொய்ச் சத்தியத்துக்கு அவளை இழுக்காதே என்றேன். அவர் சளைக்கவில்லை. "அப்படின்னா பொன்னி விலைக்காவது எடுத்துக்குங்கம்மா" என்றார்.

போட்டோவை எடுத்துக்கொண்டு பாஸ்கரன் சார் அறைக்குப் போனேன். காபி வேண்டாம் என்றேன். போனைக் கவிழ்க்கவில்லை. கோவிந்தராஜன் சார் அந்த ஆலையில் இருக்கிறார், விலை அங்கிருந்துதான் போகிறது, இதோ பாருங்கள் என்றேன். அவர் போட்டோவைப் பார்த்தார். திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும்ங்க" என்றார். "சும்மா ஆலோசகராத்தான் போயிருக்காரு. நம்ம விலையைப் போயி எடுப்பாருன்னு நான் நினைக்கல."

"தெரியுமா? எப்பலேருந்து தெரியும் சார்?"

அவர் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினார்.

நான் அங்கேயே, அவர் முன்னாலேயே, என் போனை எடுத்தேன். அவர் கையை நீட்டினார். "நான் சொன்னேன்னு வேண்டாமே" என்றார். உங்கள் பெயர் வராது, என் பெயர்தான் வரும் என்று சொல்லிவிட்டு அமுக்கினேன். விலைக் குழுவில் வரி விழுந்தது. கிரேஸ், கோவிந்தராஜனை நீக்கினார்.

வானம் இடிந்து விழவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

என் இடத்துக்கு வருவதற்குள் போன் அடித்தது. கோவிந்தராஜன் சாரேதான்.

"ஏம்மா கிரேஸ், என்னைத் தூக்கிட்டியாமே?"

"ஆமா சார்."

"நானா கேட்டேன்? நீங்கதானே தினமும் அனுப்புனீங்க."

"அதான் சார், இனிமே அனுப்பல."

சிரித்தார். "கோடியக்கரை சன்னம் உன் வேலையா? எங்க முதலாளி விதை நெல்லு எங்க கிடைக்கும்னு கேட்டுக்கிட்டு நிக்கிறாருமா" என்றார். அந்தக் கிழவர் மேல் எனக்கு அப்போதும் கோபம் வரவில்லை. வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, உள்ளே வந்த மாட்டைக் குறை சொல்லி என்ன பயன்? ஜெயந்தியைப் பற்றிச் சொன்னேன். அவளை நீக்கிய வரியைப் பார்த்தாராம், எதற்கென்று தெரியாதாம். "அந்தப் பொண்ணையா? அடப்பாவமே" என்றார். அடப்பாவத்தோடு சரி.

மறுநாள் ஜெயந்தியை வரச் சொல்லிவிடுங்கள் என்று பாஸ்கரன் சார் என்னிடம் சொன்னார். குழுவில் போடுங்கள் என்றேன். எங்கே அவள் பெயரைப் போட்டீர்களோ, அங்கேயே போடுங்கள்.

"எதுக்குங்க பெருசாக்கிக்கிட்டு? வந்து சீட்டுல உக்காந்துட்டா எல்லாருக்கும் தானா தெரிஞ்சுடும்."

தெரியாது. மனிதர்கள் அப்படி இல்லை. நிறுத்திவைத்ததை எல்லோரும் படித்தார்கள், திரும்பி வந்ததை எவரும் படிக்கவில்லை. ஏதோ சிபாரிசில் வந்துவிட்டாள் என்றார்கள். காலில் விழுந்திருப்பாள் என்றார்கள். நான் பொறுக்காமல், ஜெயந்தி மேல் எந்தத் தவறும் இல்லை, விலை போன வழி வேறு என்று பொதுக்குழுவில் நானே எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போனது. அந்தக் குழுவுக்கு என்னைத் தவிர இன்னொரு பொறுப்பாளர் பாஸ்கரன் சார். இரண்டு பொறுப்பாளர் விதி போட்டவளே நான்தான், என்னத்தைச் சொல்ல. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் மிச்சம் இருந்தது. படிக்காமல் விட்டவர்கள் எல்லாம், ஜெயந்தியைப் பற்றி என்னவோ மோசமாகப் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் எடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்கள். உண்மையை எழுதி அவளுக்கு இன்னும் கெடுதல் செய்ததுதான் மிச்சம். மறுபடி எழுதினேன். மறுபடி போனது. மூன்றாம் முறை எழுதப் போனபோது என் பொறுப்பாளர் உரிமையைக் காணோம், பொதுக்குழுவில் பொறுப்பாளர்தான் எழுத முடியும்.

அடுத்த போகத்துக்குள் ஜெயந்தியை வேதாரண்யம் கிடங்குக்கு மாற்றினார்கள். நிர்வாக வசதிக்காகவாம். தஞ்சாவூரில் வயசான அம்மாவை வைத்துக்கொண்டு எத்தனை நாள் அவ்வளவு தூரம் போய் வருவாள்? ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

புதியவர்களுக்கு இந்த விவகாரத்தால் ஒரு நல்ல வழக்கம் கிடைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீக்குவது அவமானம் என்றால் நீக்கவே வேண்டாம் என்று யோசித்தேன். அந்த ஆப்பில், ஆள் தானே வெளியேறினால் 'இன்னார் வெளியேறினார்' என்றுதான் வரி விழும். மரியாதையான வரி. அதனால் ஓய்வு பெறும் நாளில், மேடையில், பொன்னாடை போர்த்தி, மோதிரம் போட்டு, போட்டோ எடுத்து முடித்ததும், ஓய்வு பெறுபவர் கையில் அவருடைய போனையே கொடுத்துவிடுவோம். அவரே ஒவ்வொரு குழுவிலிருந்தும் வெளியேறுவார். ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் கீழே கைதட்டுவார்கள். முதலில் கேலி பேசினார்கள். பிறகு, எத்தனை குழுவுக்குக் கைதட்டு வாங்கினார் என்று பெருமை பேச ஆரம்பித்தார்கள். நானும் அப்படித்தான் வெளியேறினேன். டீக் குழுவை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.

அந்த வழக்கத்தையும் பாஸ்கரன் சார், தான் கொண்டுவந்ததாக மலரில் எழுதியிருக்கிறார். வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அதில் பங்கு வேண்டாம். குழு விதிகளையும் தன் பெயரில் போட்டுக்கொண்டிருக்கிறார், அதையும் வைத்துக்கொள்ளட்டும். ஜெயந்தியின் பெயரை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. அது அவளுடையது. அதை வைத்துத்தான் அவள் இப்போது வேலை கேட்டு நிற்கிறாள்.

பாஸ்கரன் சார், இந்த இதழ் உங்கள் மேசைக்கும் வருகிறது, எனக்குத் தெரியும். என்னைக் கூப்பிட்டுப் பேசலாம் என்று நினைக்காதீர்கள், வர மாட்டேன். ஜெயந்திக்குத் தனியாகப் போன் செய்து வருத்தம் தெரிவிக்கவும் வேண்டாம், அவளுக்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உங்களிடம் கேட்பதற்கு இரண்டே கேள்விதான் இருக்கிறது. ஓய்வு பெற்ற கோவிந்தராஜன் சாரை விலைக் குழுவிலேயே வைத்திருக்கச் சொன்னது யார்? அவர் எதிர் ஆலைக்குப் போனது, ஜெயந்தியை நிறுத்திவைத்து நீங்கள் எழுதிய காலையில் உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? பொதுக்குழுவில் இன்றும் நீங்கள்தான் பொறுப்பாளர். அவள் பெயரை எல்லோரும் படித்த அதே குழுவில், உங்கள் பெயர் மேலே தெரிய, பதில் எழுதுங்கள்; அதைத்தான் அவள் எடுத்துக் காட்ட முடியும். திருவாரூரில் இருப்பவர்கள் முடிவு சொல்வதற்கு முன்னால் எழுதுங்கள்.